தண்டுவடம் மறப்பதில்லை

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் ஓர் இரவு, ராப் சம்மர்ஸ் என்ற இளைஞர் தம் காருக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். வேகமாக வந்த வேறொரு கார் அவரை மோதிவிட்டு நிற்காமல் சென்றுவிட்டது. சம்மர்ஸ் ஒரு விளையாட்டாளர். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் குழுவில் பந்து எறிபவராக இருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் அக்குழு அமெரிக்கக் கல்லூரிகளுக்கான வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியிருந்தது. விபத்தில் அவருடைய கழுத்தின் அடிப்பகுதியில் முள்ளெலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கியது. கைகளை அவரால் அசைக்க முடிந்தது. மார்புக்குக் கீழே எந்தத் தசையும் அவர் சொல்லைக் கேட்கவில்லை. இனி எழுந்து நிற்கவோ நடக்கவோ இயலாது என்று மருத்துவர்கள் கூறினார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2011-ஆம் ஆண்டு மே மாதம், 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்த ஓர் இளைஞர், தம் உடல் எடை முழுவதையும் தம் கால்களாலேயே தாங்கி 4.25 நிமிடம் நின்றார் என்று அக்கட்டுரை தெரிவித்தது. அருகில் இருந்தவர்கள் அவர் சாய்ந்துவிடாமல் இருக்க மட்டுமே கை கொடுத்தார்கள். அந்த இளைஞர்தான் சம்மர்ஸ்.

நான்கே கால் நிமிடம்! பள்ளிச் சபைகூடலில் நாம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆயினும், உலகெங்கும் இருந்த நரம்பியல் அறிஞர்கள் அந்த நான்கே கால் நிமிடத்தைப் பற்றிப் பேசினார்கள். காரணம், சம்மர்ஸின் தண்டுவடம் குணமாகவில்லை. நசுங்கிய இடம் நசுங்கியபடியேதான் இருந்தது. குணமாகாத தண்டுவடத்தோடு ஒருவர் எப்படி எழுந்து நின்றார்?

இதற்கு விடை காண வேண்டுமானால், முதலில் தண்டுவடம் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் முதுகின் நடுவே விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். மேடு மேடாகத் தட்டுப்படுபவை முள்ளெலும்புகள். அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வளையங்களைப் போன்றவை. அவ்வளையங்களின் நடுவே உள்ள குழாய் போன்ற வழியில், ஏறத்தாழ சுண்டுவிரல் பருமனில், மென்மையான ஒரு நரம்புக் கயிறு இறங்கிச் செல்கிறது. அதுவே தண்டுவடம். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 45 செண்டிமீட்டர். அதிலிருந்து 31 இணை நரம்புகள் இரு பக்கமும் பிரிந்து கைகளுக்கும் உடலுக்கும் கால்களுக்கும் செல்கின்றன. மூளையின் கட்டளைகள் இக்கயிற்றின் வழியே கீழே இறங்குகின்றன. சூடு, வலி, தொடுகை, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பன போன்ற செய்திகள் இதன் வழியே மேலே ஏறுகின்றன.

விரலில் வெட்டுப்பட்டால் தோல் வளர்ந்து மூடிவிடும். எலும்பு முறிந்தாலும் கூடிவிடும். தண்டுவடத்தின் நரம்பிழைகள் மட்டும் அறுந்துவிட்டால் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு நழுவிக் கைகால் உணர்வை இழந்தவரைப் பற்றி விவரித்து, இது சிகிச்சை செய்யக்கூடிய நோயன்று என்று முடித்துவிடுகிறது. அந்தப் பழைய மருத்துவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலான மருத்துவர்கள் இதையேதான் சற்று நயமான சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இன்று உலகில் 15 மில்லியனுக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்கின்றனர். சாலை விபத்துகளும் உயரத்திலிருந்து விழுவதும் இதற்கு முதன்மையான காரணங்கள்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விபத்தில் தண்டுவடம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் துண்டாவது அரிது. பெரும்பாலும் அது நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் பல இழைகள் அழிந்தாலும், சில இழைகள் எஞ்சியிருக்கக்கூடும். அதனால்தான், சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, அவசரப்பட்டு அவரைத் தூக்கி உட்கார வைக்கக்கூடாது, கழுத்தைத் திருப்பக்கூடாது. நெருப்போ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால், அவரை அப்படியே படுத்திருக்கச் செய்து, மலேசியாவில் 999 எண்ணையும் சிங்கப்பூரில் 995 எண்ணையும் அழைக்க வேண்டும். உதவுவதாக எண்ணி நாம் தூக்கும்போது, எஞ்சிய அந்தச் சில இழைகளும் அறுந்துபோகலாம். அவை எவ்வளவு மதிப்புடையவை என்பதை இனி வரும் பகுதியில் காண்போம்.

மலைச்சாலை ஒன்றில் மண் சரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லாரிகள் போக முடியவில்லை. கம்பிகள் அறுந்து தொலைபேசியும் இயங்கவில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு மலைக்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து ஒரு செய்தியும் வராது. அதனால் அந்த ஊரே அழிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? அங்கே கடை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள். தண்டுவடக் காயமும் இப்படிப்பட்டதே. சம்மர்ஸுக்குக் காயம் ஏற்பட்டது கழுத்தின் அடியில். கால்களை இயக்கும் நரம்பணுக்கள் இருப்பதோ அதற்கு வெகு கீழே, தண்டுவடத்தின் அடிப்பகுதியில். அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. மேலிருந்து செய்தி வராததால் அவை சும்மா கிடந்தன.

அப்படிக் கிடந்தவை வெறும் கம்பிகளும் அல்ல. தண்டுவடத்தை மூளையின் கட்டளைகளைக் கடத்தும் கம்பி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1911-ஆம் ஆண்டில் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பூனைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். தண்டுவடம் துண்டிக்கப்பட்டு, மூளையோடு தொடர்பே இல்லாத நிலையிலும், பூனையின் பின்னங்கால் தசைகள் நடப்பதுபோல் மாறி மாறிச் சுருங்கி விரிந்தன. நடைக்குரிய தாளம் மூளையில் மட்டுமன்று, தண்டுவடத்துக்குள்ளேயும் இருக்கிறது என்று அவர் கூறினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கட்டுரை தூங்கியது. கிரஹாம் பிரவுனும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் பெயர்பெற்ற மலையேறும் வீரர், ஆல்ப்ஸ் மலையில் புதிய வழிகளைக் கண்டுபிடிப்பதில் முனைந்துவிட்டார்!

இந்தத் தாளத்தை நீங்களே காணலாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பச்சிளங்குழந்தை இருந்தால், பெரியவர் ஒருவர் அதன் அக்குள்களைப் பிடித்து நிமிர்த்தி, பாதம் மெத்தையில் படும்படி வைக்கும்போது கவனியுங்கள். பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, ஒரு காலை எடுத்து மறுகாலை வைப்பதுபோல் செய்யும். அதற்கு நடக்கத் தெரியாது; நடக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கால்களின் தாளம் மட்டும் ஏற்கெனவே இருக்கிறது. நாம் நண்பரோடு பேசிக்கொண்டே நடக்கிறோம் அல்லவா? அடுத்த அடியை எங்கே வைப்பது என்று எண்ணுவதில்லை. கச்சேரியில் மிருதங்கக் கலைஞர் பாடகரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய விரல்கள் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல, நம் தண்டுவடம் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மூளை, நட என்று தொடங்கி வைக்கிறது. நில் என்று நிறுத்துகிறது. இடையில் மேடு பள்ளம் வந்தால் திருத்துகிறது.

பின்னர், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரெஜி எட்ஜர்டன் என்பவரின் குழுவினர் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை நகரும் பட்டையின் மீது நடக்கப் பழக்கினால், அவற்றின் பின்னங்கால்கள் நடக்கக் கற்றுக்கொண்டன. நிற்பதற்கு மட்டும் பழக்கப்பட்ட பூனைகள் நன்றாக நின்றன. ஆனால், நடப்பதில் தடுமாறின. மூளையின் துணை இல்லாமலேயே தண்டுவடம் பாடம் படிக்கிறது. எதைப் பழக்குகிறோமோ அதையே கற்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த கண்டுபிடிப்புகளுள் இதுவே மிகப் பெரியது. மின்கருவிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பூனைக்கு முடிந்தது மனிதருக்கு அவ்வளவு எளிதில் முடியவில்லை. இரண்டு காலில் நிற்கும் மனிதரின் தண்டுவடம் மூளையை மிகுதியாகச் சார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹார்கெமா என்பவரின் குழுவினர் சம்மர்ஸை உடல் எடையைத் தாங்கும் பட்டைகளில் தொங்கவிட்டு, நகரும் பட்டையின் மீது கால்களைக் கையால் எடுத்து எடுத்து வைத்துப் பயிற்சி அளித்தார்கள். 26 மாதங்களில் 170 பயிற்சிகள்! ஆனாலும் அவர் கால்கள் தாமாக இயங்கவில்லை. பாடம் நடக்கிறது, ஆனால், மாணவர் இன்னும் விழிக்கவில்லை என்பது போன்ற நிலை அது.

விழிக்க வைக்கும் கருவி வேறொரு நோக்கத்திற்காக முன்பே உருவாக்கப்பட்டிருந்தது. தீராத வலியைக் குறைப்பதற்காக, தண்டுவடத்தின் அருகே மின்வாய்களைப் பொருத்தும் முறையை 1967-ஆம் ஆண்டிலேயே நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தொடங்கி வைத்திருந்தார். அதே வகைக் கருவி ஒன்று 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் சம்மர்ஸுக்குப் பொருத்தப்பட்டது. 16 மின்வாய்கள் கொண்ட மெல்லிய பட்டை ஒன்றை அவருடைய கீழ் முதுகில், தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறையின் மேல் வைத்தார்கள். அதற்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி, இதயமுடுக்கியைப் போல, தோலுக்கு அடியில் வைக்கப்பட்டது. எந்த மின்வாயில் எவ்வளவு மின்சாரம், நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை வெளியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அந்த மின்சாரம் பொம்மலாட்டக்காரரின் கயிற்றைப் போலக் கால்களை ஆட்டி வைக்கவில்லை. தசைகளுக்கு நேராக மின்சாரம் கொடுத்துச் சுருங்கச் செய்யும் கருவிகளும் உண்டு. அது வேறு முறை. இங்கே கொடுக்கப்படும் மெல்லிய மின்துடிப்பு, கால்களிலிருந்து தண்டுவடத்துக்குள் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்புகளைத் தட்டுகிறது. அதனால் தண்டுவடத்தின் நரம்பணுக்கள் விழிப்பு நிலைக்கு வருகின்றன. வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை மின்சாரம் சொல்வதில்லை. பாதம் தரையில் பதிந்து, உடல் எடை கால்களில் இறங்கும்போது, கால்களே அச்செய்தியைத் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. 'எடை இறங்கிவிட்டது, முழங்கால் மடங்கக்கூடாது' என்று தண்டுவடம் முடிவு செய்கிறது. நிற்பதற்குரிய தசைகள் சேர்ந்து இயங்குகின்றன. சம்மர்ஸ் நின்றது இப்படித்தான்.

இதுவரை நடந்தது ஆய்வாளர்கள் ஓரளவு எதிர்பார்த்ததே. அடுத்து நடந்ததை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கருவி பொருத்தப்பட்டு ஏழு மாதங்கள் கழிந்தபோது, மின்தூண்டல் இயங்கிக்கொண்டிருக்கையில், சம்மர்ஸ் தாம் எண்ணியபடி கால்விரலையும் கணுக்காலையும் முழங்காலையும் அசைத்தார். அசை என்றால் அசைந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் அசையவில்லை. அப்படியானால், மூளையிலிருந்து ஏதோ ஒரு செய்தி காயத்தைத் தாண்டிக் கீழே வருகிறது! நசுங்கிய இடத்தில் எஞ்சியிருந்த சில இழைகள் அத்தனை ஆண்டுகளும் மூளையின் கட்டளையை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. கீழே இருந்தவர்கள் உறக்கத்தில் இருந்ததால் அது காதில் விழவில்லை. 2014-ஆம் ஆண்டில் அதே குழுவினர், சம்மர்ஸோடு சேர்த்து நால்வர் இவ்வாறு கால்களை அசைத்ததாக அறிவித்தார்கள். அவர்களுள் இருவருக்குக் காயத்திற்குக் கீழே இயக்கமும் இல்லை, உணர்வும் இல்லை என்று மருத்துவச் சோதனை சொல்லியிருந்தது. முற்றிலும் துண்டானது என்று முத்திரை குத்தப்பட்ட தண்டுவடத்திலும் சில இழைகள் உயிரோடு இருந்தன.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், நரம்பியல் அறிஞர் கிரெகுவார் கூர்ட்டினும் அறுவை மருத்துவர் ஜோஸ்லின் பிளாக்கும் நடத்திவந்த ஆய்வு வேறொரு சிக்கலைச் சந்தித்தது. விடாமல் மின்துடிப்பு கொடுத்தால் எலிகள் நன்றாக நடந்தன; மனிதர்கள் அந்த அளவுக்கு நடக்கவில்லை. ஏன்? எலியின் கால் குட்டையானது. மனிதரின் கால் நீளமானது. காலிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பிழையும் அதற்கேற்ப நீளம். அந்த இழையின் மேல்முனையில் மின்துடிப்பு கொடுக்கும்போது, துடிப்பு மேலேயும் போகிறது, கீழ்நோக்கியும் ஓடுகிறது. கீழிருந்து ஏறிவரும் உண்மையான செய்தியும் மேலிருந்து இறங்கும் துடிப்பும், ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் போல மோதி, இரண்டுமே மறைந்துவிடுகின்றன. பாதை நீளமாக நீளமாக மோதலும் மிகுதி. விளைவாக, கால் எங்கே இருக்கிறது என்பதே தண்டுவடத்துக்குத் தெரியாமல் போகிறது.

எனவே அவர்கள் விடாமல் தூண்டுவதைக் கைவிட்டார்கள். இடுப்பை மடக்க வேண்டிய நொடியில் அதற்குரிய இடத்தில் மட்டும், கணுக்கால் தரையை உந்த வேண்டிய நொடியில் அதற்குரிய இடத்தில் மட்டும் துடிப்பு கொடுத்தார்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முடிவு இது: நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்கள் செயலிழந்தோ மிகவும் வலுவிழந்தோ இருந்த மூவர், எடைதாங்கும் பட்டைகளின் துணையோடு, ஒரே வாரத்தில் அடியெடுத்து வைத்தார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பின், மின்தூண்டல் இல்லாதபோதும் சில தசைகளை இயக்கினார்கள். அதே ஆண்டில் லூயிவில் குழுவினரும் மேயோ கிளினிக் குழுவினரும் தத்தம் ஆய்வில் சிலர் துணைக்கருவிகளோடு நடந்ததாக அறிவித்தார்கள்.

செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுவதைப் போன்ற படங்களும் வந்தன. இத்தகைய தலைப்புகளைப் படிக்கும்போது சற்று நிதானம் தேவை. அந்தச் சிலர் நடந்தது ஆய்வுக்கூடத்தில், பிடிமானத்தோடு, பல மாத உழைப்புக்குப் பின். வீடு திரும்பியதும் அவர்கள் சக்கர நாற்காலியையே பயன்படுத்தினார்கள். அதைத் தோல்வி என்று சொல்வதும் தவறு. நடந்தாரா, இல்லையா என்ற ஒரே அளவுகோலால் அளப்பது நடப்பவர்களாகிய நம்முடைய பழக்கம்.

தண்டுவடக் காயம் உற்றவர்கள் என்ன விரும்புகிறார்கள்? இக்கேள்வியை அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 681 பேரிடம் கேட்டு, 2004-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அவரும் தண்டுவடக் காயத்துடன் வாழ்பவரே. கைகளும் கால்களும் செயலிழந்தவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர், முதலில் மீள வேண்டியது கை என்றார்கள். பல் துலக்க, கரண்டி பிடிக்க, சட்டைப் பொத்தானைப் போட, பிறர் உதவி வேண்டாம் என்ற நிலைதான் அவர்களுக்குப் பெரிது. சிறுநீர், மலம் கழிப்பதைக் கட்டுப்படுத்தும் திறனும் பலருடைய பட்டியலில் மேலே இருந்தது. நடப்பது அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. தண்டுவடம் கால்களுக்கு மட்டும் உரியதன்று. இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் சிறுநீர்ப்பையையும் ஒழுங்குபடுத்தும் செய்திகளும் அதன் வழியேதான் செல்கின்றன. காயத்திற்குப் பின் சிலர் படுக்கையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாலே இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன், இத்தகைய காயம் உற்றோரைப் பெரும்பாலும் கொன்றவை படுக்கைப் புண்களும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும்தான். 1944-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் கடைப்பிடித்த கவனமான பராமரிப்பு அந்நிலையை மாற்றியது. அவர் தம் நோயாளிகளுக்காகத் தொடங்கிய வில்வித்தைப் போட்டியே பின்னர் பாராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தது. சம்மர்ஸும், தமக்குக் கருவி தந்த நன்மைகளைச் சொல்லும்போது, நின்றதோடு சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடும் வியர்க்கும் தன்மையும் ஓரளவு திரும்பியதைச் சேர்த்தே சொன்னார். இரத்த அழுத்தம் விழும்போது அதை உடனே தூக்கி நிறுத்தும் மின்தூண்டல் முறையை லொசான் குழுவினர் 2021-இல் வெளியிட்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலை சுற்றாமல் குடும்பத்தோடு ஒரு வேளை உணவு உண்பது செய்தித்தாளுக்குத் தலைப்பாகாது. அவ்வாறு உண்ண முடியாமல் இருந்தவருக்கு அது என்னவென்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கைகளுக்கான ஆய்வும் நடந்தது. இதில் அறுவை சிகிச்சையே இல்லை. கழுத்தின் பின்புறத் தோலின் மேல் மின்வாய்களை ஒட்டி, வெளியிலிருந்தே தண்டுவடத்தைத் தூண்டினார்கள். கழுத்துப் பகுதியில் காயம் உற்ற 60 பேர் இரண்டு மாதம் வழக்கமான கைப்பயிற்சி மட்டும் செய்தார்கள். அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியை மின்தூண்டலோடு செய்தார்கள். 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, 72 விழுக்காட்டினருக்குக் கைகளின் வலிமையும் செயல்திறனும் முன்னேறின. காயம் ஏற்பட்டு 34 ஆண்டுகள் ஆனவரும் அந்த ஆய்வில் இருந்தார். முதல் ஓராண்டிற்குப் பிறகு முன்னேற்றம் எதுவும் வராது என்று பல மருத்துவமனைகளில் சொல்லப்பட்டு வந்ததை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அக்கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

எல்லாருக்கும் இது பலன் தருமா என்றால், இல்லை. 72 விழுக்காடு என்றால் மீதி 28 விழுக்காட்டினரும் இருக்கிறார்கள். அவர்களும் அதே அளவு உழைத்தவர்கள்தாம். தண்டுவடத்தின் மேல் பொருத்தும் கருவிக்கு அறுவை சிகிச்சை தேவை, தொற்று ஏற்படலாம், பட்டை இடம் நழுவலாம். செலவும் மிக அதிகம். முதுகின் மேல் பகுதியில் காயம் உற்றவரின் கால் நரம்பணுக்கள் நலமாக இருக்கும். தண்டுவடத்தின் அடிப்பகுதியே நசுங்கியவருக்கு விழிக்க வேண்டிய நரம்பணுக்களே அழிந்திருக்கலாம். மலைக்கு அப்பால் உள்ள ஊர் அல்ல, அந்த ஊரின் மீதே மண் சரிந்த நிலை அது. இவற்றையெல்லாம் சொல்லாமல், பணம் கட்டினால் நடக்க வைக்கிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கருவி, பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் இல்லை. மின்சாரம் தண்டுவடத்தை விழிக்க வைக்கும்; பாடத்தை நாள்தோறும் நடத்தத்தான் வேண்டும். லொசானிலும் லூயிவில்லிலும் முன்னேற்றம் கண்டவர்கள் பல மாதங்கள், சிலர் ஆண்டுக்கணக்கில், சலிப்பூட்டும் அதே அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள்.

அவர்களுள் ஒருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஓஸ்கம். 2011-ஆம் ஆண்டில் சீனாவில் சைக்கிள் ஓட்டும்போது ஏற்பட்ட விபத்தில் அவர் கழுத்தில் அடிபட்டது. லொசான் ஆய்வில் சேர்ந்து, தண்டுவட மின்தூண்டலோடு பயிற்சி பெற்று ஓரளவு அடியெடுத்து வைத்தார். பின்னர் முன்னேற்றம் நின்றுவிட்டது. அதோடு, துடிப்பின் தாளம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்ததால், தாம் கருவிக்கு ஏற்ப நடக்க வேண்டியிருப்பதாக அவர் உணர்ந்தார். அதனால், மூளையின் மேற்பரப்பில் கால்களை இயக்கும் பகுதிக்கு நேரே இரண்டு கருவிகளைப் பொருத்தினார்கள். அவர் நடக்க எண்ணும்போது மூளையில் எழும் மின்குறிப்புகளை அவை படித்து, கணினி வழியாகத் தண்டுவடக் கருவிக்கு அனுப்பின. காயம்பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு செல்லும் மாற்றுப்பாதை போன்றது இது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. படிக்கட்டிலும் சரிவிலும் அவர் தம் எண்ணத்தாலேயே கால்களை வைத்தார். பயிற்சிக்குப் பின், கருவிகள் அணைக்கப்பட்டிருக்கும்போதும் ஊன்றுகோல்களோடு சில அடிகள் நடந்தார். மூளையில் பொருத்திய இரண்டு கருவிகளுள் ஒன்றைத் தொற்று காரணமாக அகற்ற நேர்ந்ததும் அதே கட்டுரையில் இருக்கிறது.

செய்தியாளர்கள் அவரைச் சந்தித்தபோது, அவர் படிக்கட்டைப் பற்றியோ 'நேச்சர்' இதழைப் பற்றியோ மட்டும் பேசவில்லை. அண்மையில் ஓரிடத்தில் சாயம் பூச வேண்டியிருந்தது. உதவிக்கு யாரும் இல்லை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாயத்தை எடுத்து, நின்றபடி தாமே பூசிவிட்டதாகச் சொன்னார்.